கூடைக்குள் என்ன இருந்தது?

கேள்வி: ஐயா, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் நான்கு வருடமாகப் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். 6, 7, 8 மூன்று வகுப்புக்கும் ஆங்கிலம் நான்தான். எட்டாம் வகுப்பில் 31 பிள்ளைகள். சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), பெர்சானிஃபிகேஷன் (உயிரில்லாததை மனிதன்போலச் சொல்வது) என்று எதைக் கேட்டாலும் டெஃபனிஷனைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். வாரத்துக்கு 20 வார்த்தை டிக்டேஷன் வைக்கிறேன், பாதிப் பேர் முழு மார்க் வாங்குகிறார்கள். கட்டுரை நோட்டும் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆனால் போன வாரம், ‘நேற்று சாயங்காலம் உங்கள் தெருவில் என்ன பார்த்தீர்கள்? ஐந்து வரி எழுதுங்கள்’ என்றேன். அரை மணி நேரத்தில் நான்கு பேர்தான் ஏதோ எழுதினார்கள். எங்கே தப்பு செய்கிறேன்? இலக்கியக் கூறுகள், சொற்கள், கட்டுரை மூன்றையும் எப்படி நேரம் பிரித்து நடத்துவது? இன்னொன்று: பெர்சானிஃபிகேஷன் என்றால் தற்குறிப்பேற்ற அணி என்று சொல்லிக்கொடுத்தேன். எங்கள் தமிழ் ஐயா அது சரியில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்:

டீச்சர், அந்த நான்கு பேர் எழுதிய தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு இடம் எனக்கு இடிக்கிறது. மூன்றையும் ‘நேரம் பிரித்து’ நடத்துவது எப்படி என்கிறீர்கள். நான் 33 வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன். முதல் பன்னிரண்டு வருடம் பிரித்துத்தான் நடத்தினேன். திங்கள் புரோஸ், செவ்வாய் போயம், புதன் கிராமர், வியாழன் டிக்டேஷன், வெள்ளி கட்டுரை. பாடக்குறிப்பில் பார்க்க லட்சணமாக இருக்கும். பிள்ளைகள் மண்டையிலும் அது ஐந்து தனித்தனி அறையாகவே போய் உட்கார்ந்துகொண்டது. வியாழக்கிழமை படித்த வார்த்தையை வெள்ளிக்கிழமை கட்டுரைக்கு எடுத்து வரலாம் என்று ஒரு பிள்ளைக்குக்கூடத் தோன்றவில்லை. தோன்றும்படி நானும் எதுவும் செய்யவில்லை.

அந்தக் காலத்தில் என் வகுப்பில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். ‘லைக் அல்லது அஸ் வந்தால் அது சிமிலி’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, சொந்தமாக ஒரு சிமிலி எழுதச் சொன்னேன். ஒரு பெண் எழுதினாள்: ‘ஐ லைக் பிரியாணி.’ நான் கொடுத்த விதிப்படி அது சிமிலிதான். தப்பு அவளுடையதா? இன்னொரு முறை, ‘எனார்மஸ் என்றால் மிகப் பெரிய, ஏராளமான’ என்று அர்த்தம் கொடுத்தேன். ஒரு பையன், ‘ஐ ஹேவ் எனார்மஸ் ஃப்ரெண்ட்ஸ்’ என்று எழுதினான். நூறு கிலோவுக்குக் குறையாத நண்பர்கள் போலிருக்கிறது. சிரித்துவிட்டு, சிவப்பு மையில் சுழித்துவிட்டு, பத்து தடவை இம்போசிஷன் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மாறியது ஒரு சாதாரண பீரியடில். துணைப்பாடக் கதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தோம். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் பக்கத்துப் பையனிடம், “இந்த ஆளு பொய் சொல்றான்டா” என்று முணுமுணுத்தான். அப்படிக் கதையில் எங்கேயும் எழுதவில்லை. “எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். திட்டத்தான் கேட்கிறேன் என்று எழுந்து நின்றவன் சொன்னான்: “சார், கேள்வி கேட்டதும் அவன் ரெண்டு வாட்டி கதவைப் பார்த்தான். அப்புறம்தான் பதிலே சொன்னான்.”

கேரக்டரைசேஷன் (பாத்திரத்தின் குணத்தைக் காட்டுவது), இன்ஃபரன்ஸ் (சொல்லாததை ஊகிப்பது), ஆதாரம் காட்டி வாதிடுதல் என்று நாம் பெரிய பெரிய பெயர் வைத்திருக்கிற எல்லாமே அந்த இரண்டு வரியில் இருந்தது. “இதையே ஆங்கிலத்தில் மூன்று வாக்கியமாக எழுதித் தா” என்றேன். தட்டுத்தடுமாறி எழுதிக் கொடுத்தான். கைடில் எந்தப் பக்கத்திலும் கிடைக்காத ஒரு பாரா அது.

அதன் பிறகு நான் நடத்தியதெல்லாம் ‘எப்படித் தெரியும்?’ என்ற அந்த ஒரே கேள்வியை வைத்துத்தான். கதையில் கேட்டால் அது இலக்கியக் கூறு. ஒரு வார்த்தையைப் பற்றிக் கேட்டால் சொல் பயிற்சி. அதற்கான பதிலைத் தாளில் எழுதினால் கட்டுரை. உங்களுக்கும் நான் சொல்லப்போவது இதுதான். மற்றதெல்லாம் அதை வகுப்பில் செய்வது எப்படி என்பது.

ஒரு வாரத்துக்கு ஒரு சின்னப் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்திலிருந்தே நான்கைந்து வாக்கியம் போதும். முழுப் பாடத்தையும் வழக்கம்போல வாசித்துவிடுங்கள், சிலபஸ் ஓடட்டும். நிறுத்தி மெல்லுவது அந்த நான்கைந்து வாக்கியத்தை மட்டும். நான் என் பிள்ளைகளுக்காக எழுதி வைத்திருந்த பத்தி ஒன்று உண்டு. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

‘தி பஸ் காஃப்ட் ட்வைஸ் அண்ட் ஸ்டாப்ட் நியர் தி டாமரிண்ட் ட்ரீ. நோபடி காட் டவுன். தி ஓல்டு உமன் டைட்டண்டு ஹெர் ஹோல்டு ஆன் தி பாஸ்கெட். “அகெய்ன்?” ஷி செட்.’

அவ்வளவுதான். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, முதல் பீரியடில் அர்த்தம் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்பேன். பதில் தமிழில் வரலாம், கலந்தும் வரலாம். பஸ் புதுசா பழசா? பழசு. எப்படித் தெரியும்? இருமுச்சு சார். பஸ் இருமுமா? எங்க தாத்தா மாதிரி சார், ஸ்டார்ட் ஆகாதப்ப ‘லொக்கு லொக்கு’ன்னு வரும். சரி, இந்தப் பாட்டி இந்த பஸ்ஸில் முதல் தடவையா வருகிறார்? இல்ல சார். எப்படித் தெரியும்? ‘அகெய்ன்’னு கேக்குறாங்க, அப்ப ஏற்கெனவே நின்னிருக்கு. ஒற்றை வார்த்தையில் ஒரு பழைய கதையே ஒளிந்திருப்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கும்போது வகுப்பு கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. கூடைக்குள் என்ன இருக்கிறது? முட்டை என்பான் ஒருவன். கோழிக்குஞ்சு என்பாள் ஒருத்தி. பூ, முறுக்கு, மகள் வீட்டுக்குச் சீர் என்று வரிசையாக வரும். எப்படித் தெரியும்? இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க சார், அப்ப உடையுற பொருள். சரி, உடைகிற பொருளாக இருக்கலாம். முட்டை என்று எப்படித் தெரியும்? இங்கே வகுப்பு நிற்கும். பத்தி சொல்லவில்லை. பத்தியிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த நிமிஷத்தில் கற்றுக்கொள்கிறார்கள். டெஃபனிஷன் எழுதிப்போட்டு இதைக் கொடுக்க முடியாது.

‘பெர்சானிஃபிகேஷன்’ என்ற பெயரை இதெல்லாம் முடிந்த பிறகுதான் கரும்பலகையில் எழுதுவேன். இருமுகிற பஸ்ஸைப் பார்த்துவிட்ட பிள்ளைக்குப் பெயர் ஒட்டிக்கொள்ளும். பெயரை முதலில் கொடுத்தால் பிள்ளை பஸ்ஸைப் பார்க்காது, பெயரைத்தான் தேடும். உங்கள் பாடப்புத்தகத்துப் பாட்டில் ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச்சைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுகிறார்களே, அதோடு நிறுத்தாமல் ஒன்று செய்து பாருங்கள். ‘காஃப்ட்’ என்பதை எடுத்துவிட்டு ‘மேட் எ நாய்ஸ்’ என்று போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். என்ன காணாமல் போனது என்று கேளுங்கள். பஸ்ஸின் வயது காணாமல் போச்சு என்றாள் என் மாணவி ஒருத்தி. அப்ரிசியேஷன் கேள்விக்கு அதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் தமிழ் ஐயா விஷயம். அவர் சொல்வதுதான் சரி. தற்குறிப்பேற்றம் என்பது, உலகத்தில் இயல்பாக நடக்கிற ஒன்றின் மேல் புலவர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, ‘போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரலென் பனபோல் மறித்துக்கை காட்ட’ என்று வரும். கோட்டை மேல் கொடி காற்றில் ஆடுகிறது. அது தானாக நடப்பது. ‘வராதே’ என்று கை காட்டித் தடுப்பதாக இளங்கோ அதற்கு ஒரு காரணம் ஏற்றுகிறார். கொடிக்குக் கை கொடுத்த இடத்தில் பெர்சானிஃபிகேஷன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அணி நிற்பது அந்த ஏற்றிச் சொன்ன குறிப்பில். நம் பஸ் இருமியதில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. ஆக பெர்சானிஃபிகேஷன் எல்லாம் தற்குறிப்பேற்றம் ஆகாது. ‘உயிரில்லாததை மனிதன்போலச் சொல்வது’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள், போதும். சிமிலி உவமை, மெட்டஃபர் உருவகம் என்பதில் சிக்கல் இல்லை.

இன்னும் இரண்டு இடத்தில் கால் வழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ரைமை எதுகை என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் உண்டு. எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. அடிக் கடைசியில் ஒலி ஒத்து வருவது இயைபு. ரைமுக்குக் கிட்டத்தில் வருவது அதுதான். அலிட்டரேஷனுக்கு மோனை நல்ல துணை. ஆனால் ஆங்கிலத்தில் கணக்கு எழுத்துக்கு இல்லை, ஒலிக்கு. ‘சிட்டி’யும் ‘கேட்’டும் ஒரே சி எழுத்தில் தொடங்கினாலும் சேராது. ‘ஃபோன்’ பி-எச்சில் தொடங்கினாலும் ‘ஃபேன்’ உடன் சேரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னால் பிள்ளைகள் தப்பே செய்ய மாட்டார்கள்.

தமிழ் ஐயாவோடு சண்டை வேண்டாம், கூட்டு வைத்துக்கொள்ளுங்கள். செட்டிங் என்றால் என்ன என்று நாம் ஒரு பீரியட் முழுக்கப் பாடுபடுகிறோம். தொல்காப்பியம் முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. எங்கே, எப்போது. அதற்கு மேல் செட்டிங்கில் என்ன இருக்கிறது? பாயிண்ட் ஆஃப் வியூவும் அப்படித்தான். அகப்பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று இருப்பது யார் வாயால் கேட்கிறோம் என்பதற்காகத்தானே. எட்டாம் வகுப்புக்கு இந்தப் பெயர்கள் வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். பிள்ளைகளுக்குப் பாட்டி வடை சுட்ட கதை இருக்கிறது. அதைக் காக்கா சொன்னால் எப்படி, நரி சொன்னால் எப்படி, வடையைப் பறிகொடுத்த பாட்டி சொன்னால் எப்படி? வகுப்பை மூன்றாகப் பிரித்து ஆளுக்கு நான்கு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். பாட்டி தரப்பில் எழுதிய ஒரு குழு காக்காவைத் திருடன் என்றது. நரி தரப்போ ‘ஐ ஒன்லி ஆஸ்க்டு ஃபார் எ சாங்’ என்றது. நரி ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை பாருங்கள்!

பிளாட்டுக்கு, அதாவது கதைப்போக்குக்கு, மலை மாதிரி ஒரு படம் போட்டு ஏறு, உச்சி, இறங்கு என்று நடத்துவீர்கள் என்று நினைக்கிறேன். அது குஸ்டாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியர் 1863இல் ஐந்து அங்க நாடகங்களை வைத்துச் சொன்னதிலிருந்து வந்தது. எல்லாக் கதையையும் அந்த மலையில் ஏற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. ‘இந்த ஆளுக்கு என்ன வேண்டும்? எது குறுக்கே நிற்கிறது?’ என்ற இரண்டு கேள்வி போதும்.

சொற்களுக்கு வருவோம். வாரம் 20 வார்த்தை அதிகம். எட்டு போதும். எந்த எட்டு? அமெரிக்க ஆய்வாளர் இசபெல் பெக்கும் அவரோடு பணியாற்றியவர்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்துக் காட்டினார்கள். பஸ், பாஸ்கெட் போலப் பேச்சிலேயே வந்துவிடுகிற சொற்கள் கீழடுக்கு. ஒரு துறைக்கு மட்டும் உரிய சொற்கள் மேலடுக்கு. ஃபோட்டோசிந்தெசிஸை அறிவியல் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். நடுவில் இருப்பவைதான் நமக்கு: டைட்டன், ரிலக்டண்ட் (தயங்குகிற), நோட்டிஸ், ரிஃப்யூஸ் மாதிரி, எந்தப் பாடத்தில் வேண்டுமானாலும் எதிர்ப்படக்கூடியவை. பாடத்தின் கடைசியில் கொடுத்திருக்கும் சொற்பட்டியலை இந்தச் சல்லடையில் போட்டால் பாதி கழிந்துவிடும்.

ஒரு சொல்லை எடுத்தால் அதன் குடும்பத்தையே கூப்பிடுங்கள். ‘டைட்டண்டு’ எங்களுக்கு எப்படி விரிந்தது தெரியுமா? “டைட்டுன்னா தெரியும் சார், சட்டை டைட்டா இருக்கு” என்றார்கள். சரி, பென்சில் பெட்டியில் என்ன இருக்கிறது? ஷார்ப்னர். ஷார்ப்னர் என்ன செய்யும்? ஷார்ப் ஆக்கும். அப்ப ஷார்ப்பன். டைட் ஆக்கினால் டைட்டன். டார்க், டார்க்கன். ஷார்ட், ஷார்ட்டன். வீக், வீக்கன். ஐந்து நிமிஷத்தில் ஐந்து சொல், ஒரு சொல்லுக்கும் அகராதி எடுக்கவில்லை. ஒரு வாண்டு எழுந்து, “பிக்னா பிக்கன் வருமா சார்?” என்றது. வராது. ஏன் என்று கேட்டால் மொழி அப்படி, எல்லோருக்கும் அந்த வால் முளைப்பதில்லை என்று சொல்லி உட்காரவைத்தேன். நம் பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் பேசுகிற தமிழுக்குள்ளேயே பங்ச்சர், ஃபியூஸ், ஜாம், லீக், அட்ஜஸ்ட், டென்ஷன் என்று ஆங்கிலம் குவிந்து கிடக்கிறது. ஒரு நாள் அதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ‘நமக்கு ஆங்கிலமே தெரியாது’ என்ற பயம் அன்றைக்குப் பாதி போய்விடும். கட்டுமரம் அங்கே போய் கேட்டமரான் ஆனது, மிளகுத்தண்ணி மல்லிகட்டானி ஆனது, சுருட்டு ஷெரூட் ஆனது என்பதையும் சொல்லிவையுங்கள். கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் உண்டு.

அர்த்தம் மட்டும் கொடுத்தால் ‘எனார்மஸ் ஃப்ரெண்ட்ஸ்’தான் வரும். ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதைத் தமிழிலிருந்தே காட்டலாம். கனமழை என்கிறோம், கனக்காற்று என்கிறோமா? காற்று என்றால் பலத்த காற்று. அதே மாதிரி அவர்களுக்கு ரெய்ன் என்றால் ஹெவி, விண்ட் என்றால் ஸ்ட்ராங். எனார்மஸ் என்றால் யானை, பாறை, கட்டடம். இப்படிக் கூட்டாளியோடு எழுதிவைத்த சொல் கட்டுரைக்குள் தானே நடந்து வரும். அப்புறம், இந்த வாரத்து எட்டுச் சொல்லை அடுத்த வாரம் மறந்துபோக விடாதீர்கள். புதிய பத்திக்குக் கேள்வி கேட்கும்போது பழைய சொல்லைப் போட்டுக் கேளுங்கள். “இந்தப் பையன் ரிலக்டண்டா இருக்கானா? எப்படித் தெரியும்?”

இனி கட்டுரை. அரை மணி நேரம் ஆகியும் 27 பேர் எழுதவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எழுதத் தெரியாததால் மட்டும் இல்லை டீச்சர், சொல்ல என்ன இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. இதுவரை கட்டுரை என்றால் பொங்கல் பண்டிகை, என் லட்சியம் என்று யாரோ எழுதியதை ஃபேர் நோட்டில் ஏற்றுவதுதான். ஒரு வகுப்பில் என் 38 பிள்ளைகளின் லட்சியமும் டாக்டராக இருந்தது. அத்தனை பேருக்கும் எந்த ஊரில் நோயாளி தேடுவது?

ஒரு மாதம் கட்டுரை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். ஒரே ஒரு வாக்கியத்தில் தொடங்குங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக உள்ள ஒரு பயிற்சி எனக்கு நன்றாகக் கைகொடுத்தது. பாதி வாக்கியத்தை நீங்கள் கொடுத்து, பிகாஸ், பட், சோ மூன்றையும் போட்டு மூன்று விதமாக முடிக்கச் சொல்ல வேண்டும். ‘தி பஸ் ஸ்டாப்ட் பிகாஸ்…’, ‘தி பஸ் ஸ்டாப்ட், பட்…’, ‘தி பஸ் ஸ்டாப்ட், சோ…’. முதலாவது காரணம் கேட்கிறது, இரண்டாவது எதிர்பாராததைக் கேட்கிறது, மூன்றாவது விளைவைக் கேட்கிறது. ஒருவன் எழுதினான்: ‘தி பஸ் ஸ்டாப்ட், பட் தி சாங் டிட் நாட் ஸ்டாப்.’ டவுன் பஸ்ஸில் போனவனுக்குத்தான் அது வரும்.

அடுத்தது ஒரு பாரா. கேள்வி: பாட்டிக்கு இது பழகிய பஸ்ஸா? எப்படித் தெரியும்? முதல் வாக்கியம் உன் பதில். இரண்டாவது, பத்தியிலிருந்து எடுத்த சொல். மூன்றாவது, அந்தச் சொல் எதைக் காட்டுகிறது. என் பிள்ளைகளில் சுமாராகப் படிக்கிற ஒரு பெண் இப்படி எழுதினாள்: ‘தி ஓல்டு உமன் நோஸ் திஸ் பஸ். ஷி சேஸ் அகெய்ன். அகெய்ன் மீன்ஸ் இட் ஹேப்பண்டு பிஃபோர். ஷி இஸ் நாட் சர்ப்ரைஸ்டு பட் ஷி இஸ் அஃப்ரெய்டு ஃபார் தி பாஸ்கெட்.’ கடைசி வாக்கியம் நான் கேட்காதது. ஆச்சரியமும் பயமும் வேறு வேறு என்று அவளே பிரித்துப் பார்த்திருக்கிறாள். இப்படி மூன்று பாரா சேர்ந்தால் கட்டுரை. முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாசலில் என்ன சொல்வது?

இப்போது அந்த நான்கு தாள்களை எடுங்கள். ஒன்றிலாவது ‘மை ஸ்ட்ரீட் இஸ் வெரி பியூட்டிஃபுல்’ என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். பெயர் சொல்லாமல் அதைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பையே கேட்கச் சொல்லுங்கள்: எப்படித் தெரியும்? கோலம் போட்டிருந்ததா? தண்ணீர் லாரி வந்ததா? யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? பதில்கள் தமிழில் வரட்டும். அவற்றில் மூன்றை வகுப்பே சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதட்டும். பியூட்டிஃபுல் என்ற சொல்லைக் கடைசியில் அழித்துவிடுங்கள், தேவைப்படாது. வகுப்பில் தமிழ் வாயைத் திறக்கவே கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை. யோசிப்பது தமிழில் நடந்தால்தான் எழுதுவதற்கு ஏதாவது மிஞ்சும். தாளில் ஆங்கிலம் இருக்கட்டும்.

திருத்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 31 நோட்டையும் வீட்டுக்குச் சுமந்துபோகிறீர்கள் என்று தெரியும். எல்லாத் தப்பையும் சுழிக்காதீர்கள். இந்த வாரம் ஒரே ஒரு தப்பு. நம் பிள்ளைகளுக்கு அதிகம் இடறுவது ஆர்ட்டிகிள், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘எ’, ‘தி’. தமிழில் அது இல்லையே என்று புலம்புவோம். ஆனால் கதை சொல்லும்போது நாமே என்ன சொல்கிறோம்? ‘ஒரு ஊரிலே ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு மூன்று பிள்ளை.’ முதல் தடவை ‘ஒரு’, அப்புறம் ‘அந்த’. ‘எ கிங்’, ‘தி கிங்’. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாதுதான். ஆனாலும் ‘ஒரு-அந்த’ என்று சொல்லிக்கொடுத்த வாரம் பாதித் தப்பு தானாகக் குறைந்தது. அந்த வாரம் ‘ஐ ஷாப் வென்ட்’ கண்ணில் பட்டாலும் கண்டுகொள்ளாதீர்கள். அதற்கு அடுத்த வாரம் இருக்கிறது.

உங்கள் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுகிற பிள்ளைகள் ஐந்தாறு பேராவது இருப்பார்கள். இந்தக் கேள்வி பதிலால் அவர்களின் வாசிப்புச் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தினம் பதினைந்து நிமிஷம் தனியாக உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஆனால் பத்தி நான்கு வாக்கியம் என்பதாலும், நீங்கள் உரக்க வாசிப்பதாலும், விவாதத்திலிருந்து அவர்கள் விலக்கப்பட மாட்டார்கள். பொய் சொல்கிற ஆளைக் கண்டுபிடித்த என் கடைசி பெஞ்சுக்காரனும் அப்படித் திணறியவன்தான். அவன் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருப்பவன் எழுதிக் கொடுப்பான்.

பரீட்சைக்கும் அதிகாரி பார்வைக்கும் கட்டுரை நோட்டு வேண்டும்தான். இரண்டு கட்டுரைக்கு ஒன்றைப் பழையபடி எழுதவைத்து நோட்டை நிரப்புங்கள், மற்றதைப் பிள்ளைகளின் சொந்தப் பாராவாக ஒட்டிவிடுங்கள். நோட்டைப் புரட்டுகிறவர் ஒட்டிய தாளில்தான் நிற்பார், நான் பார்த்திருக்கிறேன். நன்றாக வந்ததைத் தமிழில் திருப்பி எழுதி, பள்ளிக் கல்வித் துறையின் தேன்சிட்டு இதழுக்கு அனுப்பிவையுங்கள்.

பஸ் பத்தியை அடுத்த திங்கட்கிழமை போட்டுப் பாருங்கள். கூடைக்குள் என்ன இருந்தது என்று உங்கள் 31 பேரும் சொன்னதை எனக்கு எழுதுங்கள். என் வகுப்புகளில் முட்டைதான் எப்போதும் ஜெயித்தது. ஒரே ஒரு வருடம் ஒரு பெண் மட்டும் எழுந்து, “கூடை காலி சார். ஆனா பஸ்ல அவங்களுக்குப் பிடிச்சுக்க வேற எதுவும் இல்ல” என்றாள். அவளிடம் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.